கீழிருந்து எண்ணிய பன்னிரண்டு கால்கள்

சிதம்பரம்,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

என் ஜைனம்பு அக்காவுக்கு,

அடக்கமானவர்களைப் பார்க்கக் கபருக்குப் போனால் முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காகிதத்துக்கும் அதுவே இருக்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா.

உனக்கு எழுதுவது எனக்குப் புதிதில்லை. கடைசி மூன்று வருஷமாக உன்னோடு நான் பேசியதெல்லாம் எழுத்தில்தான். நான் சிலேட்டில் எழுதுவேன். நீ படித்துவிட்டு முந்தானையால் துடைப்பாய், பிறகு வாயால் பதில் சொல்வாய். உன் குரல் உனக்கே கேட்காததால் சில நாள் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்வாய். மாமி, உன் மாமியார், பதறிப்போய் எனக்குச் சாடை காட்டுவார். அந்தச் சிலேட்டில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். எழுத வேண்டிய ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். நாலு பேர் நடுவில் மறைத்தது நாலு பேர் நடுவிலேயே வெளியே வரட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைத்தாகிவிட்டது. சந்திரனுக்கு ஆள் அனுப்பப் போகிறார்களாம். அங்கிருந்து பேசினால் இங்கே ரேடியோவில் கேட்குமாம். என் ரேடியோ கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பற்றி என்னிடம்தான் விசாரிக்கிறார்கள், ராக்கெட்டுக்கு நான்தான் ஈயம் வைத்துக் கொடுத்த மாதிரி. நான் தலையை ஆட்டிவிட்டு வால்வைத் துடைக்கிறேன். ஒரு முழத் தூரத்தில் நின்ற குழந்தையின் குரலை உன் காதில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாதவன் சந்திரனைப் பற்றி என்ன சொல்வது?

உனக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் மகள் ரஹீமா பிறந்து எட்டாம் மாதம் உனக்கு நெஞ்சில் டி.பி. நோய் என்று தெரிந்தது. தினமும் ஊசி. ஊசி உன்னை எழுப்பி உட்கார வைத்தது, பதிலுக்குக் காதை எடுத்துக்கொண்டது. சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். யாரைக் குற்றம் சொல்வது? வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதில் வாயை ஒட்டிவைத்துக் கத்தினால் ஏதோ அதிர்கிற மாதிரி இருக்கும், வார்த்தை புரியாது. அந்த மிச்சமும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்.

மச்சான் பினாங்கில் இருந்தார். அத்தாவும் அம்மாவும் லால்பேட்டையில் அடுத்தடுத்துக் கண்ணை மூடிய பிறகு உனக்கென்று பக்கத்தில் இருந்தது நான் ஒருத்தன். நானோ சிதம்பரம் மேலவீதியில் ரேடியோ ரிப்பேர் கடையைக் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கடலூர் முதுநகரில் உன் வீட்டுக்குப் பாசஞ்சர் வண்டியில் வந்துபோகிறவன்.

ரஹீமா பேச ஆரம்பித்ததே உன் காது போன பிறகுதான். அவளுடைய ஒரு சொல்லைக்கூட நீ கேட்டதில்லை. அவளுக்கு 'ர' வராது. ரயிலை 'லயில்' என்பாள். தன் பெயரையே 'லஹீமா' என்பாள். மாமி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு வெள்ளிக்கிழமை அதை நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். நீயும் சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு, சிலேட்டைத் துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய்.

"இந்த மழலை போறதுக்குள்ள ஒரே ஒரு தரம் கேக்கணும் தம்பி. அப்புறம் கேக்கலன்னாலும் பரவால்ல."

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். மூன்று டிரான்சிஸ்டர் போட்டு, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று கட்டிக் கொண்டுவந்தேன். சத்தத்தைக் கூட்டினால் விசில் அடித்தது, குறைத்தால் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேங்காய் மட்டையை யாரோ அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ என்னைச் சமாதானம் செய்தாய். காது போனது உனக்கு, கோபித்துக்கொண்டது நான்.

பிறகுதான் மச்சான் எழுதினார். பினாங்கில் ரேடியோ சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் ஐ.சி. என்று புதிதாக ஒன்று வந்திருப்பதாகச் சொன்னாராம். சட்டைப் பித்தான் அகலத்துக்கு ஒரு தகரக் குப்பி, அதற்குள்ளேயே டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் எல்லாம் அடக்கம். வெளியே நாலு கண்டென்சர், ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், ஆறு டார்ச் செல் போதும், பெரிய சத்தம் வரும் என்றாராம். ஊருக்கு வந்த ஒருவர் கையில் மச்சான் அதைக் கொடுத்தனுப்பினார். பஞ்சில் சுற்றி, சோப்புப் பெட்டிக்குள் வைத்து, கூடவே எந்தக் காலில் எதைப் பற்றவைப்பது என்று படம் போட்டு, நாலாக மடித்த ஓர் ஆங்கிலக் காகிதம். குப்பிக்குப் பன்னிரண்டு கம்பிக் கால், எண்ணத் தொடங்குவதற்கு அடையாளமாக ஒரு விளிம்பில் சின்ன நாக்கு. சிதம்பரத்திலும் கடலூரிலும் அப்படி ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டவர்கூட யாரும் இல்லை.

கடையிலேயே கட்டிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்திருக்க வேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். ஆனால் நீ என் கண்ணு முன்னால கட்டு என்றாய். எனக்கும் அந்த ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். நீயும் மாமியும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குப்பியை எடுத்துக் கட்டிக் காட்டி, பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை.

போன வருஷம் இதே ஆனி. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தேன். உன் கரியடுப்பில்தான் சால்டரிங் இரும்பைக் காய வைத்தேன். ஒவ்வொரு தடவை இரும்பை மாற்றும்போதும் நீ கரியை விசிறிக் கொடுத்தாய். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து வாசற்படியில் நின்றார்கள். டீ ஆறிப்போய்க் கிடந்தது. நான் குப்பியை மல்லாத்தி, கால்கள் மேலே பார்க்கிற மாதிரி பிடித்து, நாக்கிலிருந்து ஒவ்வொரு காலாக எண்ணி ஈயம் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நீயும் வாய்க்குள் எண்ணினாய்.

அங்கேதான் அக்கா தவறு நடந்தது. வால்வு ரேடியோவில் கம்பிகளை அடியில்தான் பற்றவைப்போம். அதனால் வால்வுப் படம் எல்லாம் அடியிலிருந்து பார்க்கிற மாதிரியே போட்டிருப்பார்கள். டிரான்சிஸ்டருக்கும் அப்படித்தான். பன்னிரண்டு வருஷமாக என் கை கீழிருந்தே எண்ணிப் பழகியது. இந்தக் குப்பிக்கு மட்டும் மேலிருந்து பார்க்கிற மாதிரி படம் போட்டிருந்தான். படத்துக்குக் கீழே 'டாப் வியூ' என்று எறும்பு அளவுக்கு எழுதியும் இருந்தான். அதைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஒன்றாம் கால் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று, இரண்டின் இடத்தில் பத்து என்று வரிசையே மறுபக்கம் திரும்பிவிட்டது. ரேடியோவே தெரியாத ஒருவன் அந்தக் காகிதத்தை ஒழுங்காகப் படித்துச் சரியாகக் கட்டியிருப்பான். தெரிந்தவன் என்பதால்தான் கெடுத்தேன்.

உன் இடது காதில், சத்தம் வருகிற காதுக் குமிழை வைத்தேன். ரஹீமாவைத் தூக்கி மைக்குக்கு முன்னால் நிறுத்தி, பெயரைச் சொல்லச் சொன்னேன். செல்லைச் சேர்த்தேன். லஹீமா, லஹீமா என்று குழந்தை சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் உன் முகத்தையே பார்த்தோம். நீ கண்ணை மூடிக்கொண்டாய். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நான் குனிந்து குப்பியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி கொதித்தது. விரல் நுனி ஒட்டிக்கொண்டது. செல்லைப் பிடுங்கினேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை, போய்விட்டது என்று தெரிந்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ குமிழைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய்.

"மிஷின் மேல குத்தம் இல்ல தம்பி. இருந்த கொஞ்சநஞ்சமும் போயிட்டாப்ல இருக்கு. வுடு."

சிலேட்டு என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பலப்பமும் இருந்தது. 'நான் எரித்துவிட்டேன்' என்று இரண்டு வார்த்தை. எழுதவில்லை. வாசற்படியில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அல்லா எடுத்ததுக்கு நீ என்னப்பா பண்ணுவ என்று என் முதுகைத் தடவினார். நானும் ஆமாம் என்கிற மாதிரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீதான் என் விரலைப் பார்த்தாய். எழுந்துபோய் மைக்கூட்டைக் கொண்டுவந்து, இரும்பு சுட்டுடுச்சா, இங்க குடு கைய என்று நீல மையை என் விரலில் ஊற்றினாய். இரும்புதான் சுட்டது என்று நீ நினைத்துவிட்டாய் என நானும் நிம்மதியாகக் கையை நீட்டினேன். எப்பேர்ப்பட்ட நிம்மதி அது.

திரும்பும்போது ரயிலில் அந்தக் காகிதத்தை விரித்தேன். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குள் அந்த எறும்பு எழுத்து கண்ணில் பட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர்வண்டி பிடித்து உன்னிடம் வந்திருக்கலாம். வரவில்லை. கிள்ளையும் போயிற்று, சிதம்பரமும் வந்துவிட்டது. கடையைத் திறந்து யாருடைய ரேடியோவையோ எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மச்சானுக்கும் அப்படியே எழுதினேன். சாமான் நல்ல சாமான்தான், அக்காவுக்குத்தான் கேட்கவில்லை என்று எழுதினேன். கூசாமல் எழுதினேன்.

அதன் பிறகு உன் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு வாரமும் என் கண்ணாலேயே பார்த்தேன். அதுவரை மாமி உன் இடது பக்கம் குனிந்து ஏதாவது சத்தமாகச் சொல்வார், நீயும் ஏதோ பிடித்துக்கொள்வாய். அதை விட்டுவிட்டார். ரஹீமா உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் கத்துவாளே, அது உன் காதுக்குப் புரியாவிட்டாலும் உனக்குப் பிடிக்கும். செத்த காதுல ஏண்டி கத்துற, அம்மாவுக்கு மண்டை வலிக்கும் என்று மாமி அவளை இழுத்துவிட்டார். இரண்டு மூன்று வாரத்தில் குழந்தையும் மறந்துவிட்டாள். உன் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாயை மட்டும் அசைத்துக் காட்ட ஆரம்பித்தாள். மாமியைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு நான் சொல்லாமல் சொன்னதுதானே? தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நீயும் அதற்கு ஏற்ற மாதிரியே நடந்துகொண்டாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். சொன்னால் மட்டும் என்ன, கையில் இன்னொன்று இருக்கிறதா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் உனக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். நான் வந்து சேர்ந்தபோது நீ சிலேட்டைப் படிக்கிற நிலையில் இல்லை. உன் இடது காதில் வாயை வைத்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். உயிர் பிரிகிற நேரத்தில் ஓதுகிற யாசீனை ஓதிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது. என்னை என்ன செய்வது அக்கா?

நீ போன ஒன்பதாம் நாள், நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி லால்பேட்டைக்குப் போகிற ஒருவர் என் கடைக்கு வந்தார். மச்சான் கொடுத்தனுப்பியதாக ஒரு சோப்புப் பெட்டியைக் கொடுத்தார். அவர் கப்பலேறிய பிறகுதான் நம் தந்தி பினாங்குக்குப் போயிருக்கிறது. பெட்டியைத் திறந்தேன். அதே பஞ்சு, அதே குப்பி, பன்னிரண்டு கால். 'ஒன்று கைவசம் இருக்கட்டும் என்று வாங்கினேன்' என்று மச்சான் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார். நான் கேட்கவே இல்லையே, எதற்கு அனுப்பினார்? எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெட்டியை மூடி மேல்தட்டில், பழைய வால்வுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பல மாதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பங்குனியில் மச்சான் வந்தார். உன் கபரில் சலாம் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பள்ளிவாசல் சுவரோரமாக நின்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"சொல்லக் கூடாதுன்னு எழுதியிருந்தா மாப்ள. இனிமே யாருக்கு மறைக்கிறது?"

உன் கையெழுத்து. அதே நீல மை. மச்சானுக்கு நீ எழுதியது. பாதியில் அந்த இடம் இருந்தது. எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு இங்கே எழுத முடியும்:

"தம்பி விரலைச் சுட்டது இரும்பு இல்லை, அந்தக் குப்பி. நான் கண்ணைத் திறந்த நேரம் அவன் அதைத் தொட்டான், முகம் போன போக்கைப் பார்த்தேன். கருகின வாசனையும் வந்தது. அத்தனை பேர் முன்னால் அவன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை, அதனால் என் காதுதான் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். போகவில்லை. ரஹீமா தட்டைக் கீழே போட்டால் இன்னும் தெரிகிறது. அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் இன்னொன்று அனுப்புங்கள். இந்தத் தடவை சரியாகச் செய்துவிடுவான்."

தட்டு விழுந்தால் தெரிந்திருக்கிறது உனக்கு. தெரிந்துகொண்டே நாலு மாதம் முழுச் செவிடி மாதிரி இருந்திருக்கிறாய். குழந்தையை உன் காதிலிருந்து இழுத்தபோதும் சும்மா இருந்திருக்கிறாய். எனக்காக. என்னை அடிக்க ஆளில்லை அக்கா. நீ இருந்திருந்தால் உன் கையாலேயே நாலு அடி வாங்கியிருப்பேன். மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தச் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு முதுநகருக்குப் போனேன். அதே கூடம், அதே பாய், அதே கரியடுப்பு. மாமி விசிறியை எடுத்துக்கொண்டு உன் இடத்தில் உட்கார்ந்தார். குப்பியை நிமிர்த்திப் பிடித்து மேலிருந்து எண்ணினேன். மூன்று தடவை எண்ணினேன். காதுக் குமிழுக்குப் பதில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினேன். செல்லைச் சேர்த்துக் குப்பியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ரஹீமாவைப் பெயர் சொல்லச் சொன்னேன்.

"ரஹீமா."

கூடம் முழுக்கக் கேட்டது. விசில் இல்லை, இரைச்சல் இல்லை. மாமி விசிறியைக் கீழே போட்டுவிட்டார். அப்படி ஒரு தெளிவு அக்கா, உன் காதுக்கு நிச்சயமாக எட்டியிருக்கும். ஆனால் அது 'ரஹீமா'. அவளை ஓதக் கற்றுக்கொள்ள மதரஸாவில் சேர்த்திருக்கிறோம். அலிஃப், பே என்று அரபி எழுத்துகளை ஓதிக்கொண்டே போய் 'ரே' என்ற எழுத்து வந்த வாரத்தில் அவள் நாக்கு திரும்பிவிட்டதாம். மாமி சொன்னார். மேல்தட்டில் அந்தப் பெட்டியை நான் தள்ளி வைத்திருந்த மாதங்களில்தான் அதுவும் நடந்திருக்கிறது.

வெட்கத்தை விட்டுக் குழந்தையிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு தரம் லஹீமா என்று சொல்லு கண்ணு, மாமாவுக்காகச் சொல்லு என்றேன். அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்துச் சிரித்தாள்.

"அது சின்னப் புள்ளைல சொன்னது மாமா."

அதுவும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது.

இனி நான் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிகிறது. மழலையை மறுபடி கொண்டுவர எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது. மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ரஹீமாவைக் காதிலிருந்து இழுத்தது என் கைதானே என்று சொல்லி அழுதார். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். ரஹீமாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த அன்றைக்கு அந்தச் சிலேட்டை எடுத்து, உனக்கு எழுதாமல் விட்ட வரியை அவளுக்கு எழுதிக் காட்டுவேன். உன் அம்மாவின் காது சாகவில்லை, அந்தக் குப்பியை நான்தான் எரித்தேன் என்று எழுதுவேன். அவள் படித்து முடிக்கும் வரை துடைக்க மாட்டேன். துடைப்பதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

நீ மை ஊற்றிய விரலால் இதை எழுதும்
உன் தம்பி,
காதர்